கரையில் நின்று போடும் மதிப்பெண்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு நகர ஈரநிலப் பூங்காவின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வை தெளிந்துவிட்டதால், மூட்டைகட்டி வைத்திருந்த இருகண் நோக்கியை மீண்டும் கையில் எடுத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பார்வையாளர் கருத்துகளைப் பொறுமையாகப் படித்தேன். தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, சேறு நாறுகிறது, புதர் மண்டிக் கிடக்கிறது என்னும் குறைகளே திரும்பத் திரும்ப வருவதால், கரைக்குச் சிமெண்டு பூசி, நாணலை வெட்டி, நடுவில் நீரூற்று ஒன்றும் வைத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு எழுந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் குறைகளைச் சொன்னவர்கள் தாங்கள் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் போட்ட மதிப்பெண் பெரும்பாலும் தாங்கள் நின்ற கரைக்கும் நடந்த பாதைக்கும் உரியது. அதை ஈரநிலத்தின் நலத்துக்கான அளவுகோலாகக் கொண்டால் பெரும் சேதம் நேரும் என்று அஞ்சுகிறேன்.

நாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சிதைக்கும்போது அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகிறது. மிகச் சிறிய அளவிலேயே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். கழிவுநீர் கலந்தாலும் நாற்றம் எழும் என்பதால் நீரைச் சோதிக்காமல் இருந்துவிடக் கூடாது; ஆயினும் சேற்று வாசனை ஒன்றை மட்டும் வைத்து நீர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. நீரின் நிறமும் அப்படித்தான். உதிர்ந்த இலைகளிலிருந்து கசியும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கலந்த நீர் பழுப்பாக இருந்தபடியே உயிர்கள் செழிக்க இடம் தரும்.

சென்ற மாதம் ஒரு பூங்காவின் மரப்பலகைப் பாதையில், கைப்பிடியை ஒட்டிய தேங்கிய நீரில் வானவில் நிறத்தில் படலம் மிதப்பதைக் கண்ட ஒருவர், யாரோ எண்ணெயைக் கொட்டிவிட்டார்கள் என்று கோபத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். அருகில் நின்ற பணியாளர் ஒன்றும் சொல்லாமல் ஒரு குச்சியால் அதைக் கலைத்துக் காட்டினார். படலம் கண்ணாடிச் சில்லுகளைப் போல உடைந்து, உடைந்தபடியே நின்றது. எண்ணெயாக இருந்திருந்தால் மறுபடியும் ஒன்றுசேர்ந்திருக்கும். இது இரும்புச் சத்தை உண்டு வாழும் பாக்டீரியாவின் வேலை. படம் எடுத்தவர் அதன்பின் குனிந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்புப் பலகைகள் பல சேர்ந்து செய்ய முடியாததை அந்தக் குச்சி செய்துவிட்டது!

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பு முழுவதையும் மூடி ஊதா நிறத்தில் பூத்திருக்கும்போது பார்வையாளர்கள் மனமாரப் பாராட்டுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி ஒளியை மறைத்து, அடியில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும் நிலையை உண்டாக்குகிறது என்பது கரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஆகவே சிமெண்டுக் கரை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். சரிந்திறங்கும் மண்கரையில்தான் கோரையும் சம்பும் வேர்பிடிக்கும். அவற்றின் மறைவில்தான் நாமக்கோழியும் முக்குளிப்பானும் கூடு கட்டும். நாணலைத் துடைத்துவிட்டால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. மக்களின் மனக்குறையையும் அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. புதர் அடர்ந்திருப்பதைவிட, கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்ற எண்ணமே அவர்களை உறுத்துகிறது. பாதையோரம் ஒரு சிறு பட்டையை மட்டும் சீராக வெட்டி, உடைந்த பலகைகளை மாற்றி, கழிப்பறையைச் சுத்தமாக வைத்து, நிழலும் இருக்கைகளும் அமைத்துவிட்டால், அதற்கு அப்பால் உள்ள அடர்த்தியை அவர்கள் வனப்பாகவே காண்பார்கள். குறைந்த செலவில் முடியும் இந்த வேலைகளுக்கே முதல் நிதியை ஒதுக்கச் சொல்வேன்.

பெரிய பூங்காக்கள் இந்த வழியில்தான் சென்றிருக்கின்றன. லண்டனில் பழைய நீர்த்தேக்கங்களை மாற்றியமைத்து 2000-ஆம் ஆண்டில் திறந்த ஈரநில மையத்தில், பறவைகளுக்குத் தெரியாமல் அமர்ந்து பார்க்க மறைவுக் குடில்கள் இருக்கின்றன. ஹாங்காங்கில் எழுந்த தின் ஷுய் வாய் புதுநகரத்தால் ஏற்பட்ட சூழல் இழப்பை ஈடுசெய்யும் திட்டத்திலிருந்து உருவாகி 2006-இல் திறக்கப்பட்ட ஹாங்காங் ஈரநிலப் பூங்கா சுமார் 60 ஹெக்டேர் பரப்புடையது. காட்சியரங்கு, பார்வையாளர் மையம் எல்லாம் ஒருபுறம் இருக்க, நீர்நிலைகளின் பெரும்பகுதி பறவைகளுக்கே விடப்பட்டிருக்கிறது.

உங்கள் கருத்துக்கணிப்பு எந்த நேரத்தில், யாரிடம் எடுக்கப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். விடுமுறை நாளின் நண்பகலில் கேட்டால் வெயிலும் கூட்டமும் பேசும்; விடியற்காலையில் உள்ளான் பறவைகளைப் பார்க்க வருபவர் வேறு பதில் தருவார். ஒருமுறை வந்து மறுபடியும் வராதவர் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அடுத்த படிவத்தில், "இன்று நீங்கள் கண்ட ஓர் உயிரினத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வியைச் சேர்க்க முடியுமா? வழிகாட்டியோடு நடந்தவர்களின் விடைகளையும் தனியே நடந்தவர்களின் விடைகளையும் பிரித்து வைத்தால், பணம் எங்கே போக வேண்டும் என்பது குழுவுக்கே விளங்கிவிடும். நீர்ச்சோதனை அறிக்கையையும் படிவத்தின் நகலையும் அனுப்புங்கள். குழு கூடுவதற்குள் படித்து விரிவாக எழுதுகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்