249 கிராம் விவகாரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் டிரோன் கடையைப் பற்றிக் கோவை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ‘250 கிராமுக்குள் இருந்தால் ஒரு அனுமதியும் வேண்டாம் என்று சொல்லி விற்றார்கள், பூங்காவில் காவலாளி டிரோனை வாங்கி வைத்துக்கொண்டார்’ என்பது அதன் சாரம். கடைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நாங்கள் சொல்வதும் பில்லின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதும் இதுதான்: 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. மத்திய அரசின் 2021 டிரோன் விதிகளில் இருப்பதே அது. 2 கிலோ வரையிலான மைக்ரோ வகையைப் பொழுதுபோக்குக்காக ஓட்டினாலும் இதே சலுகை உண்டு. சான்றிதழ் வேண்டாம் என்றால் அனுமதியே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? ஒவ்வொரு டிரோனுக்கும் உரிய தனி அடையாள எண் நானோவுக்கும் வேண்டும், கட்டணம் 100 ரூபாய். விதி மீறினால் அபராதம் ஒரு லட்சம் வரை போகலாம்.

அடுத்தது எடை. எங்களுக்கு வலிப்பது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம். விதி கணக்கில் எடுப்பது சுமையும் சேர்ந்த மொத்தப் பறக்கும் எடையை. டிரோன் பெட்டியில் போட்டிருக்கும் 249 கிராம் என்பது உடன் வரும் பேட்டரியோடு, இறக்கைக் காப்பு வளையம் மாட்டாத நிலையில் எடுத்த எடை. உடன் வரும் 4எஸ் (நான்கு செல்) 650 எம்ஏஎச் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதிக மின்சாரம் கொள்ளும் 850 எம்ஏஎச் போட்டால் 20 கிராமுக்கு மேல் கூடும். வளையம் மாட்டினால் இன்னும் கொஞ்சம். கோப்ரோ கேமராவை ஏற்றினால் அது மட்டும் 150 கிராம். அப்புறம் அது நானோ இல்லை, மைக்ரோ. நானோவுக்கு இல்லாத மூன்றாம் நபர் காப்பீடு போன்ற கேள்விகள் அங்கே வந்துவிடும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பேட்டரி, ஸ்ட்ராப், மெமரி கார்டு எல்லாம் மாட்டி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

இனி பூங்கா. வானம் ஒருவர் கையில், தரை இன்னொருவர் கையில். வானத்துக்கு, பறக்கும் இடங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை அந்த உச்சம் 200 அடியாகக் குறைகிறது. அதற்கு மேலே போனால் மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே முடியாது. பீளமேடு, காளப்பட்டி, சின்னியம்பாளையம் பக்கம் விமான நிலையம் கைக்கெட்டும் தூரம். பூங்கா எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஆசைப்பட வேண்டாம். கிழக்கே சூலூர் விமானப்படைத் தளம். ரேஸ்கோர்ஸ் நடைபாதை அழகுதான், ஆனால் பக்கத்து ரெட்ஃபீல்ட்ஸில் கடற்படையின் அக்ரணி தளமும் விமானப்படை நிர்வாகக் கல்லூரியும் இருக்கின்றன. முந்தின நாள் பச்சையாக இருந்த இடம் மறுநாள் மாறவும் கூடும்: முக்கியப் பிரமுகர் வருகை போன்ற சமயங்களில் ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்க விதியில் இடம் உண்டு. கிளம்புகிற அன்று காலையிலேயே பாருங்கள்.

தரைக்கு, பூங்காவைப் பராமரிக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம். பூங்கா பெயர், தேதி, நேரம், டிரோன் எடை, அடையாள எண், எவ்வளவு உயரம், கேமரா உண்டா இல்லையா என்பதை எழுதுங்கள். முத்திரை வைத்த நகல் சட்டைப்பையில் இருக்கட்டும். போனில் பச்சை மண்டலத்தைக் காட்டினால் வாசல் காவலாளிக்கு அதில் ஒன்றுமில்லை. அவர் பார்ப்பது கையெழுத்தை. உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

கடிதம் கிடைத்த பிறகும் பூங்காவில் டிரோன் கெடுகிற வழிகள் உண்டு. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளுக்குப் பக்கத்தில் டிரோனின் காம்பஸை (திசைகாட்டி) அளவமைக்காதீர்கள். இரும்பு அதைக் குழப்பும், கிளம்பியதும் டிரோன் வட்டமடிக்கும். சிக்னல் விட்டுப்போனால் டிரோன் தானாகத் திரும்பும் உயரத்தை, சுற்றியுள்ள உயரமான மரத்தைவிட 10 மீட்டராவது கூட வையுங்கள். பேட்டரி செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள். பருந்து வட்டமிட்டால் அன்றைக்கு வேண்டாம்.

பெட்டி பிரித்த டிரோன் கிட்டுகளை அடுத்த மாதம் முதல் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லில் குறித்திருக்கிறோம்.

அந்தக் குரல்பதிவைக் கேட்டும் கடையை விடாமல் வந்து, ‘என்ன நடந்தது’ என்று எங்களிடமே கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்தக் கடை ஓடுகிறது. டிரோனைக் கொண்டுவந்தால் எடை பார்த்து, காப்பு வளையமும் பேட்டரியும் எது மாட்டலாம் என்று கட்டணமில்லாமல் சொல்கிறோம். மாநகராட்சிக் கடிதத்துக்கு ஒரு மாதிரியும் கவுண்டரில் வைத்திருக்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்