கழுத்து அறுவைச் சிகிச்சை குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். வெளிநாட்டுக்குப் போய், கழுத்தெலும்புகளுக்கு இடையில் தேய்ந்துபோன மெத்தைகளை (டிஸ்க்) எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் பொருத்திக்கொள்ள நீ ஏற்பாடு செய்துவருவது தம்பி வாய்தவறிச் சொன்னதில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவனைக் கடிந்துகொள்ளாதே. முன்பே சொல்லியிருந்தால் அப்பா சித்தப்பாவின் கதையைத் தொடங்கிவிடுவார் என்று நினைத்திருப்பாய். அந்தப் பேச்சை இங்கே எடுக்க மாட்டேன்.

நீ திரட்டி வைத்திருக்கும் விவரங்களைத் தம்பியிடமிருந்து வாங்கிப் படித்தேன். பெரிய வழக்குக்கு வக்கீல் தயாரிக்கும் கட்டைப் போல அவ்வளவு ஒழுங்காக இருந்தது, பெருமையாகத்தான் இருக்கிறது. முள்ளெலும்புகளை இணைத்துவிட்டால் அந்த இடத்தின் அசைவு போய்விடும், அந்தப் பாரம் மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகளின் மேல் ஏறக்கூடும், செயற்கை டிஸ்க் என்றால் அசைவு மிஞ்சும் என்ற உன் வாதம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. அமெரிக்காவில் கழுத்துக்கான செயற்கை டிஸ்க்குக்கு 2007இல் முதல் அனுமதி கிடைத்ததையும், 2013இல் அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு அது நீண்டதையும், மூன்று இடங்களில் வேண்டுபவர்கள் அங்கிருந்தே ஜெர்மனிக்குப் போவதையும் குறித்திருக்கிறாய். ஆனால் அந்த எல்லை ஏன் என்று நீ எழுதவில்லை. அனுமதிக்காக நடந்த ஆய்வுகள் ஓரிடத்துக்கும் ஈரிடத்துக்கும்தான் நடந்தன. உனக்குத் தேய்ந்திருப்பதோ கழுத்தின் நான்காவது எலும்பு முதல் ஏழாவது எலும்பு வரை (சி4 முதல் சி7), மூன்று இடங்களில். வேறொரு நாட்டில் செய்கிறார்கள் என்பதும் உனக்குப் பொருந்தும் என்பதும் ஒன்றல்ல, அம்மா.

நீ திரட்டிய விவரங்களில் எம்.ஆர்.ஐ. மட்டுமே இருக்கிறது. டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள சிறு மூட்டுகள் தேய்ந்திருந்தால் புது டிஸ்க் வைத்தும் வலி போகாது, ஏனென்றால் தேய்ந்த அந்த மூட்டுகளும் அதோடு சேர்ந்து அசைந்துகொண்டுதான் இருக்கும். அவற்றின் நிலையைத் தெளிவாகப் பார்க்க சி.டி. வேண்டும், எலும்புகள் நிலை பெயர்கின்றனவா என்று அறியக் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே வேண்டும். படத்தைத் திரையில் பார்த்துவிட்டு மூன்றையும் மாற்றிவிடலாம் என்று சொன்ன அந்த மருத்துவர் உன் முழங்கையில் ஒரு முறை சுத்தியலால் தட்டியாவது பார்த்தாரா? நரம்பு அழுந்திக் கைக்கு இறங்கும் வலிக்கு அறுவைச் சிகிச்சை நன்றாகக் கேட்கும். வெறும் கழுத்து வலிக்கு அதே உறுதியை யாரும் தர முடியாது. உன் வலியில் எது எவ்வளவு என்று முதலில் அவர்கள் பிரித்துச் சொல்லட்டும்.

திரும்பி வந்த பிறகு யார் பார்ப்பார்கள் என்பதும் அந்த விவரங்களில் இல்லை. கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து செய்வதால் சில நாட்கள் விழுங்குவது சிரமமாகலாம், குரல் கம்மலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால், இன்னொருவர் வைத்த டிஸ்க்கில் கை வைக்க உன் ஊர் மருத்துவர் தயங்குவார். ஆகவே புறப்படுவதற்கு முன்பே உன் ஊரில் ஒரு மருத்துவரிடம் பேசி ஒப்புதல் வாங்கிக்கொள். எந்த டிஸ்க், என்ன அளவு என்ற அட்டையைக் கேட்டு வாங்கு. சி.டி. எடுக்காமல் தேதி கொடுக்காதே.

வீட்டுச் செய்திகளும் எழுத நினைத்திருந்தேன். அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மற்றவற்றை அம்மா எழுதுவாள்.

சென்ற முறை காணொளியில் பேசியபோது நீ பையனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாய். மேல் பொத்தான் துளைக்குள் போகவில்லை. வலக்கையை உதறிவிட்டு மறுபடி முயன்றாய். கடைசியில் அவனே உன் விரல்களை விலக்கிவிட்டுப் போட்டுக்கொண்டான். பொத்தான் பெரிது என்று சொல்லிச் சிரித்தாய். வலித்தால் நீ முகம் சுளிப்பாய், அன்று சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. இப்போதெல்லாம் தம்பிக்கும் நீ எழுதுவதில்லையாம், குரல் பதிவுதான் அனுப்புகிறாயாம். வலியே இல்லாமல் விரல் தடுமாறுவதும், நடக்கும்போது கால் நிலைகொள்ளாததும் நரம்பின் வேர் மட்டுமல்லாமல் தண்டுவடமே அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். அப்படியிருந்தால், எந்த நாடு, எந்த டிஸ்க், இணைப்பதா மாற்றுவதா என்பதெல்லாம் பின்னால்தான்; எவ்வளவு சீக்கிரம் என்பதே முதல் கேள்வி. அழுத்தம் நீடித்தால், பிறகு அறுவை செய்தாலும் போன பலம் முழுவதும் திரும்பாமல் போகலாம். சித்தப்பாவும் கடைசிவரை செருப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையிடம் விரலைப் பற்றிச் சொன்னாயா? சொல்லாவிட்டால் இன்றே சொல். இந்த வாரமே நரம்பியல் மருத்துவர் ஒருவரை நேரில் பார்; பொத்தான் விஷயத்தை மறைக்காமல் அவரிடம் சொல். அவர் அவசரமில்லை என்று சொன்னால் நீ விரும்பிய இடத்துக்கே போகலாம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் சி.டி. எடுக்காமல் போகாதே.

எங்கே செய்துகொண்டாலும் நான் உடன் வருவேன். பையனை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். அறுவை முடிந்து நீ பெட்டி தூக்கக் கூடாது. திரும்பும் விமானப் பயணத்தில் கால் மரத்துப்போகாமல் அவ்வப்போது உன்னை எழுப்பி நடக்கவைக்கவும் ஓர் ஆள் வேண்டும். விசா கிடைக்க நாளாகும் என்பதால் என் கடவுச்சீட்டின் நகலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். மருத்துவர் சொன்னதை எனக்கு நேரடியாகவே எழுது. அவன் வழியாக வேண்டாம்.

அன்புடன்,
அப்பா