நைந்த கோட்டில் வந்த கோடீஸ்வரர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ‘படித்ததில் பிடித்தது’ பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் தம்பதியின் கதையைப் போட்டிருக்கிறீர்கள். சாயம்போன பருத்தி உடையில் மனைவியும் நைந்த கோட்டில் கணவரும், ஹார்வர்டில் படித்து இறந்துபோன மகனின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டுமென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரைப் பார்க்க வருகிறார்கள்; அவர் அலட்சியம் செய்கிறார்; இவர்கள் கோபித்துக்கொண்டு போய்ச் சொந்தமாகவே ஒரு பல்கலைக்கழகம் கட்டிவிடுகிறார்கள். அடியில் ‘இது உண்மைச் சம்பவம்’ என்று ஒரு வரி வேறு. எங்கே படித்தீர்கள் ஐயா, வாட்ஸ்அப்பிலா?

லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர், சென்ட்ரல் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைவர். பல்கலைக்கழகத்துக்குச் சாசனம் எழுதிய 1885இல் அமெரிக்க செனட்டர். நைந்த கோட்டுக்கு அவர் எங்கே போவார்? மகன் ஹார்வர்டில் படித்தானாம். அந்தப் பிள்ளை 1884இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் டைஃபாய்டு கண்டு இறந்தபோது வயது 15. பெற்றோர் ஹார்வர்டுக்குப் போனது மட்டும் நிஜம். தலைவர் சார்லஸ் எலியட் அவர்களோடு உட்கார்ந்து பேசி, ஒரு பல்கலைக்கழகம் தொடங்க எவ்வளவு பணம் தேவைப்படும் என்று யோசனையும் சொல்லி அனுப்பினார்.

கதையின் நீதியாவது நேராக இருக்கிறதா? வந்தவர்கள் பெரும் பணக்காரர்கள் என்பதால்தானே தலைவர் மூக்குடைபடுகிறார்? உண்மையிலேயே ஏழைகளாக இருந்திருந்தால் அவர் விரட்டியது சரியென்று ஆகிவிடுமா?

ஓய்வுபெற்ற பிறகு பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வருகிறேன். இந்தக் கதை வராத போட்டியே இல்லை. ஒரு பள்ளியில் மேடையை விட்டு இறங்கிய மாணவியிடம், “இப்படி எதுவும் நடக்கவில்லையம்மா” என்றேன். அவள் பதில் பேசாமல் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். உங்கள் இதழின் பழைய பக்கம்! ஆக, இது முதல் தடவையும் இல்லை. அச்சில் வந்ததைவிட இந்தக் கிழவன் பேச்சு எடுபடுமா? தாளாளரும் அவள் பக்கம்தான். முதல் பரிசு அவளுக்கே போனது. நானும் கைதட்டினேன்.

எடிசனின் தாயார் மறைத்துவைத்த பள்ளிக் கடிதம் என்று ஒன்றைப் போட்டீர்களே, அப்போதும் ஆதாரத்தோடு எழுதினேன். ‘இதழ் அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி.

எரிச்சலுக்குக் காரணம், நடந்தது இந்தக் கதையைவிடப் பெரிது என்பதுதான். 1893 ஜூன் மாதம் கணவர் இறந்தார். பல்கலைக்கழகம் திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சொத்து முழுவதும் நீதிமன்றத்தில் முடங்கியது. ரயில் பாதை போட முன்பு கொடுத்த கடனுக்காக அரசாங்கம் 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கொஞ்ச காலம் மூடிவைக்கலாம் என்று வேண்டியவர்களே சொன்னார்கள். ஜேன் ஸ்டான்ஃபோர்ட் மூடவில்லை. வீட்டுச் செலவுக்கென்று நீதிமன்றம் அனுமதித்தது மாதம் 10,000 டாலர். வேலைக்காரர்களைக் குறைத்து, வீட்டுச் செலவைச் சுருக்கி, அதில் பெரும்பகுதியைப் பேராசிரியர்களின் சம்பளத்துக்குக் கொடுத்தார். 1896இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் பணமுடை தீராமல், மறு வருடம் நகைகளை லண்டனுக்கு எடுத்துப் போனார். எதிர்பார்த்த விலை படியவில்லை. அவர் இறந்த பிறகு அந்த நகைகளின் பேரில் நூலகத்துக்கு ஒரு நிதி ஏற்பட்டது. அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகங்களின் உள்ளே ஒட்டவென்று ஒரு சீட்டு உண்டு. அறிவுத் தெய்வமான அதீனாவிடம் ஜேன் நகைகளைக் கொடுப்பதுபோல் அதில் படம்.

அவரைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. மாணவிகள் 500 பேருக்கு மேல் கூடாது என்று 1899இல் விதி போட்டவரும் இதே அம்மையார்தான். அந்த ரயில் பணத்தில் சீனத் தொழிலாளர்களின் வியர்வை எவ்வளவு என்பது தனிக் கதை. அதையும் எழுதலாமே! உங்கள் கதையில் அந்த அம்மாளுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வசனம், அதுவும் அவர் பேசாதது.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம். கடைசிப் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். இனி இப்படி எதையாவது போட்டே தீருவதென்றால் ‘உண்மைச் சம்பவம்’ என்பதையாவது எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை இடமில்லை என்று வெட்டுவதானால் பேச்சுப் போட்டியை வெட்டுங்கள், எடிசனை வெட்டுங்கள். 1893க்குப் பிறகு நடந்ததில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்