ஒட்டுத்தாளுக்குக் கீழே பன்னிரண்டாம் வகுப்பு

கோலாலம்பூர்,
19 மே 2025

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இடைநிலைப்பள்ளிப் படிவம் 4, 5 வகுப்புகளுக்கான தமிழ்க் கட்டுரை, இலக்கியப் பயிற்றிப் பெட்டி பற்றிய புகார்

ஐயா / அம்மா,

மார்ச் 4-ஆம் தேதி உங்களிடம் ஓர் ஆசிரியர் பெட்டியும் 24 மாணவர் பயிற்சி நூல்களும் வாங்கினேன். பெட்டி 289 ரிங்கிட். அது என் கைக்காசு. நூல்கள் தலா 18 ரிங்கிட் வீதம் 432 ரிங்கிட், அது பெற்றோர் கொடுத்தது. மொத்தம் 721 ரிங்கிட். இதைத் திரும்பக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். உங்கள் விற்பனையாளரிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்) நான்கு வரியில் சொல்லிப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘மலேசிய மாணவர்களுக்காகவே, கே.எஸ்.எஸ்.எம். இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தின்படி தயாரிக்கப்பட்டது’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். இரண்டாவது வாரம், நான் வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, படிவம் 4 மாணவி ஒருத்தி பயிற்சி நூலின் பின்னட்டையில் இருந்த ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்த வயதுப் பிள்ளைகள் எதையாவது சுரண்டாமல் இருக்க மாட்டார்கள், அதைக் குற்றமாக நான் நினைப்பதில்லை. தாள் உரிந்து வந்தது. அடியில் ‘பன்னிரண்டாம் வகுப்பு’ என்று இருந்தது. அதற்கும் கீழே ‘விலை ரூ. 180’. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மற்ற நூல்களையும் உரித்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு போயிற்று.

தமிழ்நாட்டில் அச்சிட்ட நூலைப் பயன்படுத்துவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. நல்ல நூல் எங்கிருந்து வந்தாலும் நல்ல நூல்தான். ஆனால் தமிழ்நாட்டு நூல் என்று சொல்லி விற்றிருக்க வேண்டும். விசாக தின விடுமுறையன்று பென்சிலும் கையுமாக உட்கார்ந்து எண்ணினேன். 32 மாதிரிக் கட்டுரைகளில் நம் நாட்டைப் பற்றியவை மூன்று. அவற்றிலும் ஒன்றில், சிலாங்கூரில் உள்ள பத்துமலை பினாங்கில் இருக்கிறது. பொதுப் போக்குவரத்தைப் பற்றிய கட்டுரையில் மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் வருகின்றன. என் மாணவர்கள் செந்தூல் திமோரில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் மாறிப் போகிறவர்கள். ஷேர் ஆட்டோ என்றால் என்ன என்று விளக்குவதிலேயே அன்றைய பாடத்தில் பாதி நேரம் போனது.

நேரம் எங்களுக்குச் சும்மா கிடைப்பதில்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் ஓர் இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தலாம். எங்கள் பள்ளியில் அப்படிக் கையெழுத்து வாங்கித்தான் வகுப்பு தொடங்கினோம். பள்ளி முடிந்து, பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் எதையோ வாயில் போட்டுக்கொண்டு ஓடி வருகிற நேரம் அது. அதில் ஒரு மணி நேரம் வீணானால் அடுத்த வாரம்தான்.

இனி உண்மையில் என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

ஏப்ரல் கடைசியில் படிவம் 5 மாணவர்களுக்குச் சோதனை வைத்தேன். ‘என் தந்தை’ என்பது தலைப்பு. வேண்டுமென்றே எளிதாகக் கொடுத்தேன். 11 தாள்களில் ஏழு தாள்கள் ஒரே வாக்கியத்தில் தொடங்கின: “சேவல் கூவும் முன்னே கண்விழித்து, ஏரும் கலப்பையுமாக வயலை நோக்கி நடப்பவர் என் தந்தை.” உங்கள் நூலின் 41-ஆம் பக்கம். ஏழு பேரில் ஒருவனுடைய அப்பா விரைவுப் பேருந்து ஓட்டுநர். பிறந்ததிலிருந்து அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பையன், வயல் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் செக்கிஞ்சானில் பார்த்ததோடு சரி. கூப்பிட்டு, “ஏன்டா, உங்க அப்பா எப்போ ஏர் ஓட்டினார்?” என்று கேட்டேன். “நூலில் ‘முழு மதிப்பெண் கட்டுரை’ன்னு போட்டிருந்தது டீச்சர்” என்றான்.

அப்புறம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அப்பா ஜொகூர் பாருவிலிருந்து வண்டி கொண்டுவந்து விட்டுவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வருவாராம். அறைக் கதவின் கீல் கிறீச்சிடும் என்பதால், அவர் தூங்கும்போது இவனும் தங்கையும் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் மூடுவார்களாம். அவர் சட்டையில் எப்போதும் குளிர்சாதன வாசனை அடிக்கும் என்றான். “இதை ஏன் எழுதலை?” என்றேன். “இதெல்லாம் கட்டுரையில் வருமா டீச்சர்?” என்றான்.

இது அவன் தப்பு இல்லை. உங்கள் நூலில் 32 கட்டுரைகள் இருக்கின்றன, ஆனால் ஒரு கட்டுரையை எப்படி யோசித்து எழுதுவது என்று ஒரு பக்கம்கூட இல்லை. கருத்துகளைத் திரட்டுவது, வேண்டாததைக் கழிப்பது, எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதுவது எதற்கும் பயிற்சி இல்லை. ‘மனப்பாடம் செய்க’ என்ற கட்டம் மட்டும் எல்லாக் கட்டுரைக்கும் கீழே இருக்கிறது. ஆண்டு இறுதியில் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுதப் போகிறவர்கள் இவர்கள். அந்த ஏர்க் கலப்பையை அவர்கள் தலையிலிருந்து இறக்குவதே இப்போது என் வேலையாக இருக்கிறது.

இலக்கியப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழைகளே நிறைய இருக்கின்றன. ‘நன்றி மறப்பது நன்றன்று’ 108-ஆம் குறள், நூலில் 118 என்று இருக்கிறது. அது போகட்டும், பொருளில் ‘ஒருவர் செய்த நன்மையை அன்றைக்கே மறந்துவிட வேண்டும்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வள்ளுவர் அன்றே மறக்கச் சொன்னது நன்மை அல்லாததை. செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்துக்கு நேர் எதிரான பாடத்தை 24 பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ புறநானூற்றின் 192-ஆம் பாடல், உங்கள் நூல் அதைக் குறுந்தொகையில் சேர்த்திருக்கிறது. கணியன் பூங்குன்றனார் ‘கனியன்’ ஆகிவிட்டார். “டீச்சர், இவர் பழம் விற்றவரா?” என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான்.

மலேசிய எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை. ரெ. கார்த்திகேசு இல்லை, அ. ரெங்கசாமி இல்லை. 2017-ல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கொண்டாடிய சீ. முத்துசாமியும் இல்லை. தோட்டத்தையும் அங்கே வாழ்ந்த பாட்டி தாத்தாக்களையும் பற்றி ஒரு பத்தி கொடுத்திருந்தால், பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வந்து எழுதியிருப்பார்கள்.

பெட்டியோடு வந்த விரலியில் (பென் டிரைவ்) 60 படவில்லைகள் இருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கின்றன. பள்ளிக் கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசை கட்டி நிற்கின்றன. பழைய எழுத்துருவில் தட்டியதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாமல் அப்படியே விற்றிருக்கிறீர்கள். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உருவான நாட்டில், 2025-ல் இது நியாயமா?

ஒன்றை மட்டும் பாராட்டிச் சொல்ல வேண்டும். மரபுத்தொடர் அட்டைகள் அருமை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் தொடர், தாளும் நல்ல கனம். பிள்ளைகள் அணி பிரித்து விளையாடுகிறார்கள். உங்கள் விற்பனையாளர் எனக்கு அனுப்பிய பதில், “கவனத்தில் கொள்கிறோம், பிரித்த பெட்டியைத் திரும்பப் பெறுவதில்லை, நன்றி”, கூடவே ஒரு கைகூப்பும் படம். அதை வகுப்பில் படித்துக்காட்டினால் ‘தட்டிக் கழித்தல்’ அட்டையைத் தூக்குவதற்கு அடிதடியே நடக்கும்.

பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? விற்கிற பொருள், விற்பவர் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட ஐந்து ரிங்கிட்தான் கட்டணம் என்று என் கணவர் தினமும் ஞாபகப்படுத்துகிறார். நான்தான் முதலில் எழுதிப் பார்ப்போம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பெற்றோருடைய 432 ரிங்கிட்டை முதலில் அனுப்புங்கள். ஜூன் 6-க்குள் வந்தால், யார் யாருக்கு எவ்வளவு என்று நானே பிரித்துக் கொடுத்துவிடுவேன். என் 289-க்கு அதற்குப் பிறகு இரண்டு வாரம் காத்திருக்கிறேன். மீதி இருக்கிற பெட்டிகளின் மேல் ‘மலேசிய மாணவர்களுக்காகவே’ என்று இருப்பதையும் எடுத்துவிடுங்கள், அதை நம்பி இன்னொரு ஆசிரியர் வாங்க வேண்டாம்.

நூல்களையும் விரலியையும் பெட்டியில் கட்டி ஆசிரியர் அறையில் என் மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பயிற்சி நூல்களில் சில, ஒட்டுத்தாள் உரிந்த நிலையில் இருக்கும். வியாழக்கிழமை தவிர எந்த நாளும் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூரியர் ஆளை அனுப்பலாம். மரபுத்தொடர் அட்டைகளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதற்குத் தனியாக விலை சொல்லுங்கள், 289-இல் கழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
படிவம் 4, 5 தமிழ் ஆசிரியை
செந்தூல், கோலாலம்பூர்