கடலுக்கடியில் பவர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கடலடிப் புகைப்படக் கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம், நன்றி. ஆனால் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கைக்காசுக்குக் கிடைக்கிற அதிக பவர் ஸ்ட்ரோப்பாக, அதாவது தண்ணீருக்குள் அடிக்கும் தனி ஃபிளாஷாக, பார்த்து வாங்கலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுரையோடு அச்சான படமே சாட்சி. மீனைச் சுற்றி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அது அச்சுக் கோளாறு இல்லை. தண்ணீரில் மிதக்கும் தூசும் நுண்ணுயிர்களும் ஸ்ட்ரோப் வெளிச்சத்தை லென்ஸுக்கே திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஹோமப் புகைக்குள் ஃபிளாஷ் அடித்த கல்யாண ஃபோட்டோகிராபர் எவரைக் கேட்டாலும் சொல்வார். பவரைக் கூட்டினால் புள்ளியும் கூடும். நான் படம் எடுக்கும் புதுச்சேரிக் கடல் மாலத்தீவுக் கடல் போலத் தெளிவானது இல்லை.

தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே பெரும்பகுதி போய்விடும். பலர் மறப்பது, இந்தக் கணக்கு பக்கவாட்டிலும் உண்டு என்பதை. மீன் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் வெளிச்சம் போய்த் திரும்ப ஆறு மீட்டர் தண்ணீரைக் கடக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஸ்ட்ரோப் ஆனாலும் நீலப் படம்தான் வரும். ஒரு மீட்டருக்குள் நெருங்குவதுதான் வழி. அதற்குக் காசு தேவையில்லை, மூச்சையும் மிதப்பையும் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். சூரியனை ஃபிரேமுக்குள் வைத்து எஃப் 11, எஃப் 13 என்று அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, சுருக்கி எடுப்பவர்களுக்குப் பவர் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கும் ஒரு பெரியதைவிட இரண்டு நடுத்தர ஸ்ட்ரோப்களே வசதி. நீண்ட ஆர்ம்களில் (தாங்கும் கைகளில்) மாட்டி, லென்ஸை மூடும் குமிழான டோம் போர்ட்டுக்குப் பின்னால் தள்ளி, சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தால், லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரில் வெளிச்சம் அவ்வளவாக விழாது. மேக்ரோ, அதாவது சின்ன உயிர்களை மிக நெருங்கி எடுக்கும் படம், மட்டும் எடுப்பவருக்கு ஒன்றே போதும்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய விஷயம் வேறு. ஸ்ட்ரோப்பைக் கேமரா எப்படி இயக்கும்? நிக்கான் டி7500, கேனான் 80டி போன்றவற்றில் கேமராவிலேயே மேலே எழும்பும் பாப்-அப் ஃபிளாஷ் உண்டு. அதன் வெளிச்சத்தை ஸ்ட்ரோப்புக்குக் கொண்டுபோகும் ஃபைபர் ஆப்டிக் கேபிளை, கேமராவைத் தண்ணீரிலிருந்து காக்கும் ஹவுஸிங்கில் செருகினால் முடிந்தது. ஆனால் அந்தக் குட்டி ஃபிளாஷ் சார்ஜ் ஏறும்வரை ஸ்ட்ரோப்பும் காத்திருக்க வேண்டும். அதனால் அந்தக் குட்டி ஃபிளாஷை மேனுவலில் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். டி850, டி500 வைத்திருப்பவர்களுக்கு பாப்-அப்பே கிடையாது. ஹவுஸிங்குக்குள் ஸ்ட்ரோப்பைத் தூண்டத் தனி எல்இடி டிரிகரோ, மின் வயரான சின்க் கார்டோ வாங்க வேண்டும். சின்க் கார்டு என்றால் அதன் முனையிலும் ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) இருக்கிறது. ஒரு முடி சிக்கினாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

அப்புறம் கைடு நம்பர், அதாவது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண். பெட்டியில் போட்டிருப்பது காற்றில் அளந்த எண்ணா, தண்ணீரில் அளந்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தண்ணீருக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்ஐ லென்ஸ்காரர்கள் வெளிச்சம் 100 டிகிரியாவது பரவுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபுல் பவரில் அடித்தபின் மறுபடி தயாராக எத்தனை விநாடி என்பதும் முக்கியம். மீன் நமக்காக நிற்காது.

இனி இப்படிப் படங்கள் வெளியிடும்போது லென்ஸ், தூரம், ஸ்ட்ரோப் எங்கே இருந்தது என்ற மூன்றையும் படத்தின் கீழே ஒரு வரியில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு பெரிய ஸ்ட்ரோப் என்பதைக் கடைசியில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் வாசகர்,
புதுச்சேரி