தடை வேண்டுமென்றால், எந்தத் தடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இலங்கை அரசை நீதியின் பக்கம் திருப்ப முழுமையான பொருளாதாரத் தடைதான் ஒரே வழி என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 இலிருந்து தெருவோரம் இருந்து கேட்கிறார்கள். இன்னும் பதில் இல்லை. ஆனால் "முழுமையான தடை" என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது.

தொண்ணூறுகளில் போர்க்காலத்தில் இலங்கை அரசு வடக்குக்குப் போட்ட அப்படியொரு தடைக்குள் பிள்ளை வளர்த்தவன் நான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்துவிட்ட திரி. அந்தச் சிக்கன விளக்கில்தான் என் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தாள். விடிய எழும்பினால் மூக்குக்குள் கரி. வானொலிக்கு பட்டரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் கரண்டில் மற்றவர்கள் செய்தி கேட்போம். சீமெந்து இல்லை, பசளை இல்லை, சவர்க்காரம் யானை விலை. அந்தத் தடை போராளிகளுக்கென்று சொல்லித்தான் போடப்பட்டது. கண் எரிந்தது பிள்ளைகளுக்கு.

ஆகவே தடையே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வேறொரு தடை இருக்கிறது: ஏற்றுமதிக் கடனுக்கான அரச உத்தரவாதத்தை நிறுத்துவது. நம்மவர்கள் அதைப் பற்றிப் பேசுவது குறைவு. வங்கியில் இறக்குமதிப் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால் அதன் வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஒரு நாடு மின்நிலையத்துக்கு டர்பைன் வாங்குகிறது என்று வையுங்கள். விற்கிற கம்பனி பத்து வருடம் காசுக்குக் காத்திருக்காது. வாங்குகிற அரசிடம் முழுக் காசும் கையில் இராது. நடுவில் ஒரு வங்கி கடன் கொடுக்கும். அந்தக் கடன் திரும்பி வராவிட்டால் நான் பொறுப்பு என்று, விற்கிற நாட்டின் அரச நிறுவனம் ஒன்று உத்தரவாதம் போடும். பிரித்தானியா 1919 இலேயே இதற்கென்று ஒரு திணைக்களம் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எக்ஸிம் வங்கி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி வங்கி, 1934 இல் வந்தது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் அவரவர் நிறுவனங்கள் உண்டு. வாங்குபவர் 15 வீதம் முற்பணம் கட்டினால் மிச்சம் 85 வீதம் வரைக்கும் இப்படி ஆதரவு கொடுக்கலாம் என்பது வளர்ந்த நாடுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் பொது விதி.

சரி, அந்த நிறுவனம் ஒருநாள் "உங்களுக்கு உத்தரவாதம் இல்லை" என்று சொன்னால்? எந்தக் கப்பலையும் மறிக்க வேண்டியதில்லை. வங்கி பின்வாங்கும், கம்பனி பின்வாங்கும், பெரிய கொள்வனவு அப்படியே நிற்கும். ஆனால் சவர்க்காரமும் மருந்தும் பிள்ளைகளின் கொப்பியும் சில மாதத் தவணையில், காசுக்கு வாங்குபவரின் வங்கி பொறுப்பேற்கும் நாணயக் கடிதத்தோடு வழக்கம்போல வந்துகொண்டிருக்கும்.

இது புதுக் கதை அல்ல. 1978 இல் அமெரிக்கக் காங்கிரஸ் எக்ஸிம் வங்கிச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தென்னாபிரிக்காவின் இனவெறி அரசுக்கு விற்கும் பொருட்களுக்கு இனி ஆதரவு இல்லை என்றது. தனியார் கம்பனி வாங்குவதென்றால், அது கறுப்பினத் தொழிலாளரைச் சமமாக நடத்தும் பாதையில் போகிறதா என்று பார்க்கச் சொன்னது. நாட்டைப் பாராமல், வாங்குகிற ஆளைப் பார்த்த சட்டம் அது. என்னைக் கேட்டால் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியது இந்த உதாரணத்தைத்தான். பிறகு 2008 இல் ஈரானுக்கு எதிரான ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1803 ஆம் தீர்மானம் ஏற்றுமதிக் கடன், உத்தரவாதம், காப்புறுதி என்று பெயர் சொல்லியே நாடுகளை எச்சரித்தது. 2022 இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுடனான வணிகத்துக்குப் பொதுப் பண ஆதரவைத் தடைசெய்தது.

ஓட்டைகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1982 இல் சோவியத் ஒன்றியத்தின் சைபீரிய எரிவாயுக் குழாய்க்கு மலிவுக் கடன் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க ஜனாதிபதி ரேகன் ஐரோப்பியரிடம் கேட்டார், அவர்கள் கேட்கவில்லை. ஒரு வாசலை மூடினால் மற்ற வாசல் திறந்திருக்கும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கும் கடன் தந்தது சீனாவின் எக்ஸிம் வங்கிதானே. அதோடு ஈரானுக்கு விழுந்த அடி நமக்கும் பட்டது. உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்துக்கு ஈரானிய வங்கியொன்று 45 கோடி டொலர் தருவதாக ஒப்புக்கொண்டது. தடைகளால் அந்தப் பணம் இடையில் நின்றுபோக, மிச்சத்தை இலங்கையே போட்டு இழுத்து இழுத்து 2024 இல்தான் திறந்தார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1990 இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்ரோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது இந்திய எக்ஸிம் வங்கியின் கடனில் போட்ட தண்டவாளத்தில். அன்று ஸ்டேசனில் சனத்துக்குள் நானும் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார். காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் 2018 இல் நாலரைக் கோடி டொலர் அதே வங்கிதான் ஒதுக்கியது. எல்லாக் கடனையும் நிறுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் தண்டவாளத்தையே நாம் பிடுங்கக் கேட்டது போலாகும். திட்டம் திட்டமாக, வாங்குபவர் வாங்குபவராகப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஐரோப்பிய வரிச்சலுகையை நிறுத்துவதைவிட இது மேல். 2010 ஓகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற அந்தச் சலுகை நின்று 2017 மே மாதம் திரும்பி வரும் வரைக்கும் பயத்தோடு இருந்தது ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள். இன்று அந்த வேலையை நம்பிக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எத்தனையோ வீட்டில் உலை கொதிக்கிறது.

நேரமும் இதுதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு, 2024 ஜூனில் கடன் தந்த நாடுகளோடு மறுசீரமைப்பு உடன்பாட்டுக்கு வந்தது. கடன் கட்டாததால் மூடிய உத்தரவாதங்கள் திறக்கும்போதுதான் நிபந்தனை பேச முடியும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் எம்.பி.மாரைச் சந்திக்கும்போது ஒரேயொரு கேள்வி கேட்கட்டும்: இலங்கையின் பாதுகாப்புப் படைகள் வாங்கும் பொருட்களுக்கு எங்கள் வரிப்பணத்தில் உத்தரவாதம் போடுவீர்களா? பிரித்தானிய ஏற்றுமதி நிதி நிறுவனம் எந்த நாட்டில் எந்தத் திட்டத்துக்கு ஆதரவு கொடுத்தது என்பதை வருடாந்த அறிக்கையில் போடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கோண்டாவில்.