சந்தைத் தொழிலாளர்களின் கால்களைக் காக்க நன்கொடை தாரீர்

அன்புடையீர், வணக்கம்.

போன வருடம் நவம்பர் 14, உலக சர்க்கரை நோய் தினத்தன்று, எங்கள் அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்) சார்பில் நம் காய்கறிச் சந்தையில் சுகர் டெஸ்ட் முகாம் நடத்தினோம். விடியற்காலை நாலு மணிக்கே மேசை போட்டுவிட்டோம். லாரியில் லோடு இறங்கும் நேரத்தை விட்டால் தொழிலாளர்களைப் பிடிக்க முடியாது.

சுமை தூக்கும் அண்ணன் ஒருவருக்கு மீட்டர் 340 காட்டியது. "நான் டீயிலகூட சர்க்கரை போடுறதில்லையே" என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னோம். கழலவில்லை. தக்காளிப் பெட்டி ஆணி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. வலிக்கவே இல்லையாம்.

சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். சின்னக் காயம்கூட ஆறாமல் சீழ் பிடித்து, விரலையோ காலையோ எடுப்பதில் போய் நிற்கும். மூட்டை தூக்குகிறவருக்குக் கால் போனால் பிழைப்பே போச்சு. நல்ல வேளை, அந்த அண்ணனுக்குப் புண் ஆறிவிட்டது. இரண்டு மாதம் வேலை போனதுதான் மிச்சம்.

அரிமா சங்கங்கள் தம் நூற்றாண்டான 2017இல் சர்க்கரை நோயை உலகளாவிய சேவைப் பணியாக எடுத்துக்கொண்டன. அந்த வழியில் இந்த வருடமும் சந்தைக்கே போகிறோம். பேரணி, தொப்பி, பேனர் எதற்கும் பணம் எடுக்க மாட்டோம். மாத்திரைக்கும் கேட்கவில்லை; அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகிறது. நமக்கு வேண்டியது காலுக்கான உதவி.

10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால், கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்போம். தொட்டது தெரியாதவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு கொடுக்க வேண்டும். மெத்தென்ற ரப்பர் அடி, அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. ஆணி இன்னும் குத்தத்தான் செய்யும், அதனால் தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்போம்.

ஒருவரைப் பரிசோதிக்க 30 ரூபாய், 400 பேருக்கு 12,000. செருப்பு ஜோடி 700 வீதம் 60 பேருக்கு 42,000. உறுப்பினர்கள் 20,000 போட்டுவிட்டோம். மீதி 34,000 ரூபாய்க்கு உங்களை நம்பியிருக்கிறோம். ஒரு ஜோடிச் செருப்புக்குக் கொடுத்தாலும் சரி, ஒருவரின் பரிசோதனைக்கு 30 ரூபாய் கொடுத்தாலும் சரி.

சங்கக் கட்டிடத்தில் தினமும் மாலை 6 முதல் 8 வரை இருப்போம். கொடுத்த கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முகாம் முடிந்த வாரமே வரவு செலவுக் கணக்கைச் சந்தை வாசலில் ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
முகாம் குழுவினர்